எந்த நேரத்துச் சுமை?

பழைய பஞ்சாலைகளின் மீட்டர் அறையில் இரண்டு முள் கொண்ட ஒரு மீட்டர் இருக்கும். முதல் முள், அரை மணி நேரத்தில் ஆலை சராசரியாக எவ்வளவு மின்சாரம் இழுக்கிறதோ அவ்வளவு தூரம் நகரும். அரை மணி முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். போகிற போக்கில் அது இரண்டாவது முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும். தள்ளப்பட்ட முள் திரும்பாது, விட்ட இடத்திலேயே நிற்கும். வேறொரு அரை மணியில் ஆலை அதைவிட அதிகமாக இழுத்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் போகும். குறைவாக இழுத்தால் அசையாது. மாதக் கடைசியில் ரீடிங் எடுக்க வருகிறவர் சீலைப் பிரித்து, அந்த முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைக் கையால் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி சீல் வைப்பார். மாதத்தின் ஏதோ ஓர் அரை மணி நேரம் எட்டிய அந்த எண்ணுக்கு ஆலை தனியாகப் பணம் கட்ட வேண்டும். யூனிட்டுக்கு உண்டான கட்டணம் வேறு.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்டு அடிக்கடி போய்வந்த காலம் அது. திரும்ப வந்ததும் ஆலையே பரபரக்கும். நின்ற ஒவ்வொரு நிமிடமும் நூல் நஷ்டம் என்பதால் மேஸ்திரிகள் எல்லா மெஷினையும் ஒரே மூச்சில் ஓட்டப் பார்ப்பார்கள். "அண்ணா, கரண்டு வந்துருச்சுங்க, எல்லாத்தையும் போட்டுரலாங்களா?" என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஓடிவருவார்கள். "ஒண்ணொண்ணாப் போடு கண்ணு. போர்வெல் மோட்டாரை இப்பத் தொடாதே" என்போம். முதலில் ஆலைக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட், பிறகு கம்ப்ரசர், அதற்குப் பின் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் வரிசையாக. தண்ணீர்த் தொட்டி ஒரு மணி நேரம் கழித்து நிறைந்தால் போதும். ஒர்க் ஷாப் லேத்தும், கழிவுப் பஞ்சை அமுக்கும் பேல் பிரஸ்ஸும் காத்திருக்கலாம். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையில் ஒன்றும் குறையவில்லை, ஓடிய யூனிட்டும் ஏறக்குறைய அதேதான். சில வேலைகள் நேரம் மாறின, அவ்வளவே. இரண்டாவது முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

மனிதர்களைப் பற்றி நான் யோசிக்கிற விதம் அந்த மீட்டர் அறையில்தான் உருவாயிற்று. யாராவது ஒடிந்து போய்விட்டால் "பாவம், அவருக்குச் சுமை அதிகம்" என்கிறோம். எவ்வளவு சுமை என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அது எந்த நேரத்தில், யார் தலையில் விழுந்தது என்று கேட்பதில்லை. நாள் முழுக்கப் பரவியிருந்தால் தாங்கியிருக்கக்கூடிய பாரம், ஒரே வேளையில் ஒரே ஆளின் மேல் இறங்கும்போது முறித்துவிடுகிறது. என் வயதில் பேரன் பேத்திகளுக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. இந்த ஒன்றுதான் இருக்கிறது.

மின்துறையில் இதை அளக்க எளிய கணக்கு உண்டு. ஒரு மாதத்தின் சராசரிச் சுமையை அந்த மாதத்தின் உச்சச் சுமையால் வகுத்தால் வருவது லோடு ஃபேக்டர், தமிழில் சுமைக் காரணி. முப்பது நாளுக்கு 720 மணி நேரம். 1,000 கிலோவாட் உச்சம் தொடும் ஒரு நூற்பாலை மாதம் 5,76,000 யூனிட் ஓட்டினால் அதன் சராசரி 800 கிலோவாட், லோடு ஃபேக்டர் 80 சதவீதம். அதே 1,000 கிலோவாட் உச்சத்தைத் தொட்டுவிட்டு, தினம் சில மணி நேரம் மட்டும் ஓடி 1,44,000 யூனிட்டில் முடித்துக்கொள்கிற தொழிற்சாலைக்கு 20 சதவீதம்தான். இரண்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரே அளவு, கேபிள் ஒரே தடிமன், மின்நிலையத்தில் ஒதுக்கி வைக்க வேண்டிய திறனும் ஒன்றுதான். முதலாவது அதை முழுதாகப் பயன்படுத்துகிறது. இரண்டாவதன் கம்பிகள் பெரும்பாலான நேரம் சும்மா தொங்குகின்றன.

வீட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் ஒரு நடுத்தரக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 1,440 மணி நேரத்தில் 300 யூனிட் என்றால் சராசரி 208 வாட். ஆனால் காலை ஏழு மணிக்கு 2,000 வாட் கீசரும், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும், மிக்ஸியும், மேல்தொட்டி மோட்டாரும் ஒன்றாக ஓடினால் நாலரை கிலோவாட்டைத் தொட்டுவிடும். லோடு ஃபேக்டர் ஐந்து சதவீதம்கூட இல்லை. வீட்டின் ஒயரிங், மீட்டர், தெருக்கம்பி எல்லாமே அந்தக் காலை நேரத்துக்காகப் போடப்பட்டவை. அப்படி லட்சக்கணக்கான வீடுகளும் ஆலைகளும் கடைகளும் சேர்ந்து 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவையை 20,830 மெகாவாட்டுக்கு ஏற்றின. அந்த ஆண்டு மே 30 அன்று நாடு முழுவதுக்குமான தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. வருடத்தில் சில மணி நேரம் மட்டுமே தேவைப்படும் அந்த உயரத்துக்காகத்தான் மின்நிலையங்கள் கட்டப்படுகின்றன, கடன்கள் வாங்கப்படுகின்றன.

ஊரில் கல்யாணத்துக்கென்று வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பந்தி நடந்த அந்த இரண்டு நாளுக்குப் பிறகு மாடி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. வட்டி மட்டும் மாதா மாதம் நடந்து வருகிறது. ஒரு நாளின் உச்சத்துக்காக வாழ்க்கை முழுவதையும் அளவெடுப்பது நம்மிடம் ஆழமாக ஊறிய பழக்கம். மண்டபம் வாடகைக்குக் கிடைக்கிறது, பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. உச்சத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை என்று பெண்ணைப் பெற்றவர்களிடம் நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

இந்தக் கணக்கை வைத்தே ஒரு பெருந்தொழிலைக் கட்டி எழுப்பியவர் சாமுவேல் இன்சல். 1859இல் லண்டனில் பிறந்தவர். 1881இல் அமெரிக்கா போய் எடிசனின் செயலாளராகச் சேர்ந்து, 1892இல் சிகாகோ எடிசன் என்ற சிறிய மின் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். அன்றைக்கு மின்சாரம் பெரும்பாலும் விளக்குக்குத்தான். இருட்டிய பிறகு சில மணி நேரம் இயந்திரங்கள் திணறும், பகலெல்லாம் சும்மா நிற்கும். 1894இல் இங்கிலாந்து போனபோது பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் என்பவரின் டிமாண்ட் மீட்டரை இன்சல் பார்த்தார். எவ்வளவு ஓட்டினாய் என்பதோடு, அதிகபட்சம் எவ்வளவு இழுத்தாய் என்பதையும் சேர்த்துக் கட்டணம் வாங்கும் முறை அது. நான் ஆயுள் முழுக்கப் பார்த்த இரண்டு முள் மீட்டரின் வம்சம் அங்கிருந்து வருகிறது.

இன்சல் ஊர் திரும்பி, மற்றவர்கள் தூங்குகிற நேரத்தில் விழித்திருக்கும் வாடிக்கையாளர்களைத் தேடிப் போனார். காலையிலும் மாலையிலும் ஓடும் டிராம், பகலில் ஓடும் தொழிற்சாலை, விளக்குத் தேவை குறையும் கோடையில் முழுமூச்சாக ஓடும் ஐஸ் ஃபேக்டரி, இரவில் வீடு. ஒவ்வொருவரின் உச்சமும் வெவ்வேறு வேளையில் வந்ததால் ஒரே இயந்திரத்தால் எல்லோருக்கும் ஈடுகொடுக்க முடிந்தது. சிகாகோவில் ஒரு குடியிருப்புத் தொகுதியை அவர் அளந்து பார்த்தார். ஒவ்வொரு வீட்டின் தனித்தனி உச்சத்தையும் கூட்டினால் வரும் எண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட அந்தத் தொகுதி மொத்தமாக ஒரே நேரத்தில் இழுக்கவில்லை. ஒரு வீட்டில் விளக்கு எரியும்போது பக்கத்து வீட்டில் அணைந்திருக்கிறது. இந்தச் சாதாரண உண்மையால்தான் அவர் விலையைக் குறைத்துக்கொண்டே போக முடிந்தது. 1903இல் ஃபிஸ்க் தெரு மின்நிலையத்தில் 5,000 கிலோவாட் நீராவி டர்பைனை நிறுவினார். அவ்வளவு பெரியதை அதுவரை யாரும் துணிந்து வாங்கியதில்லை.

உறவும் நட்பும் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று நான் நம்புகிறேன். நாலு பேர் சேர்ந்திருப்பதன் பலம், நாலு பேருக்கும் ஒரே நாளில் இடி விழாது என்பதில் இருக்கிறது. தம்பிக்கு வேலை போன மாதம் அண்ணனின் சம்பளம் வந்துகொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அம்மாள் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரம் நம் வீட்டு அடுப்பில் இரண்டு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போடலாம். தனித்தனியாக நாலு பேரும் தங்கள் ஆபத்துக்கென்று முழுச் சேமிப்பு வைத்துக்கொள்ள வேண்டுமானால் அது நாலு ஆயுளுக்கும் முடியாத காரியம். சேர்ந்து வைத்துக்கொண்டால் சிறியது போதும். அதே சமயம், அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தை நான் தெய்வமாக்கிப் பேச மாட்டேன். அங்கே ஆண்களின் உச்சங்கள் மாறி மாறி வந்தன. அடுப்படியில் இருந்தவர்களுக்கு எல்லோருடைய உச்சமும் தங்கள் உச்சமாகவே வந்து சேர்ந்தது. விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கிய என் அத்தையின் நாள் இரவு பத்துக்கு முடிந்தது. சுமைக் காரணி அவருக்கு நூற்றுக்கு நூறு. அப்படி ஓடும் இயந்திரத்தைக்கூட நாங்கள் மாதத்தில் ஒரு நாள் நிறுத்திக் கிரீஸ் வைப்போம்.

விமானத் தொழிலிலும் லோடு ஃபேக்டர் உண்டு. அங்கே அது நிரம்பிய இருக்கைகளின் கணக்கு. ஆனால் வெறும் தலைகளை எண்ணுவதில்லை, தூரத்தையும் பெருக்குவார்கள். 180 இருக்கை கொண்ட விமானம் சென்னையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் பறந்து மதுரைக்கு நிறைந்து போகிறது. அதே விமானம் சுமார் 1,750 கிலோமீட்டர் பறந்து டில்லிக்குப் பாதி காலியாகப் போகிறது. நூறும் ஐம்பதும் சேர்ந்து சராசரி எழுபத்தைந்து என்று நமக்குத் தோன்றும். தூரத்தோடு பெருக்கிப் பார்த்தால் 59 சதவீதம்தான். நீண்ட பயணத்தில் காலியாக இருந்த இருக்கை குறுகிய பயணத்தின் நிறைவை விழுங்கிவிடுகிறது. இதை முதல் முறை காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது நீண்ட நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் இதுதான் நடக்கிறது. வந்துபோகும் விருந்தாளிகளிடம் முகம் மலரப் பேசுகிறோம். நாற்பது வருடம் கூடவே வருகிறவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது டி.வி.யைப் பார்க்கிறோம்.

இருக்கையும் மின்சாரமும் ஒரு விஷயத்தில் ஒன்று. இரண்டையும் அப்படியே எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது. கதவு மூடி விமானம் நகர்ந்துவிட்டால் காலி இருக்கை போனது போனதுதான். அதனால்தான் நிறுவனங்கள் ஒரே விமானத்தில் பத்து விதமான கட்டணம் வைக்கின்றன, வராமல் போகிறவர்களைக் கணக்கிட்டு இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்கின்றன. அமெரிக்காவில் அரசு கட்டணம் நிர்ணயித்த காலத்தில், 1971 வாக்கில், 55 சதவீதம் நிரம்பினால் போதும் என்ற அடிப்படையில் விலை வைத்தார்கள். 1978இல் கட்டுப்பாடு நீங்கியபின் போட்டி முற்றியது. 2020இல் கொரோனா தொற்று வந்து உலக விமானங்கள் மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் காலியாகப் பறந்தன. 2024இல் உலகச் சராசரி 83.5 சதவீதம் என்ற அதுவரை காணாத உயரத்துக்கு வந்தது. காலியாக விட்டால் திரும்பக் கிடைக்காதது என்ற வகையில் நம் பொழுதும் இந்த இருக்கைகளோடு சேர்ந்தது. குழந்தைக்குக் கதை சொல்வதற்கான வயது நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடுகிறது. ஆனால் இதிலிருந்து ஒவ்வொரு நிமிடத்தையும் அடைத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டுகிறவர்களிடம் எனக்குச் சம்மதம் இல்லை. அவர்களுக்குச் சொல்ல அதே விமானத்தின் இறக்கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது.

விமானத்தை வடிவமைக்கும் பொறியாளர்களும் லோடு ஃபேக்டர் என்றே ஓர் அளவைச் சொல்வார்கள். இறக்கை தூக்குகிற விசை, விமானத்தின் எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது அது. நேராக, மட்டமாகப் பறக்கும்போது ஒன்று. விமானம் சாய்ந்து திரும்பும்போது அது கூடும். 30 டிகிரி சாய்ந்தால் 1.15, 45 டிகிரிக்கு 1.41, உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் 2. உள்ளே 70 கிலோ மனிதர் அப்போது 140 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். விமானத்தில் ஒரு மூட்டைகூடப் புதிதாக ஏறவில்லை. திரும்புகிற ஒரே காரணத்தால் இறக்கைக்குப் பாரம் இரண்டு மடங்கு. இன்னும் ஒன்று, நேராகப் பறக்கும்போது எந்த வேகம் போதுமானதோ அது இந்தத் திருப்பத்தில் போதாது. விமானம் தூக்கும் திறன் இழந்து விழுந்துவிடாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம், 60 டிகிரி சாய்வில் 41 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. அதனால் பயணிகள் விமானங்களைப் பெரிய வட்டமடித்து மெதுவாகத் திருப்புவார்கள். 30 டிகிரிக்கு மேல் சாய்ப்பது அபூர்வம்.

வேலை மாறும்போது, ஊர் மாறும்போது, கல்யாணமான முதல் வருடம், முதல் பிள்ளை பிறந்த மாதங்கள், துணையை இழந்த பிறகு, நம்மிடம் இருக்கிற பொறுப்புகளின் எடை பல சமயம் அதேதான். ஆனாலும் மூச்சு முட்டுகிறது. வீட்டில் இருப்பவர்கள் "நேற்று வரை எல்லாத்தையும் பார்த்துக்கிட்ட ஆள்தானே, இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். ஆள் அதே ஆள்தான், இப்போது திருப்பத்தில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது இரண்டு: வழக்கத்தைவிடக் கூடுதல் உந்துவிசை, பெரிய வட்டம். அதாவது கூட ஒரு கை, அவசரப்படுத்தாத கால அவகாசம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பெண்ணிடம் அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள்.

பயணிகள் விமானத்தின் இறக்கை எடையைப்போல் 2.5 மடங்கு பாரத்தை நிரந்தரமாக வளையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. வழக்கமான பறத்தலில் அந்த அளவு ஏறக்குறைய வருவதேயில்லை. அந்த அளவைப்போல் ஒன்றரை மடங்கை மூன்று வினாடியாவது முறியாமல் தாங்க வேண்டும். போயிங் 777 விமானத்தின் இறக்கையை 1995 ஜனவரியில் சோதித்தார்கள். இரும்புச் சட்டங்களுக்குள் விமானத்தைப் பிணைத்து, இறக்கை நுனிகளை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே போனார்கள். நுனி 24 அடி உயரம் வளைந்த பிறகு, அந்த 2.5 மடங்கு எல்லையில் 154 சதவீதத்தில் இரண்டு இறக்கைகளும் முறிந்தன. விதி கேட்டது 150. கோடிக்கணக்கான பணம் போட்டுச் செய்த இறக்கையை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்து, உடைந்த எண்ணைக் கேட்டுக் கைதட்டினார்கள். உள்ளே இருக்கைகளை நூற்றுக்கு நூறு நிரப்பத் துடிக்கும் அதே தொழில், இறக்கையை ஒருபோதும் முழுக்கப் பயன்படுத்துவதில்லை. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் நாம் ஊர் போய்ச் சேருகிறோம்.

இன்சல் கடைசியில் தவறியது இந்த இடத்தில்தான். இயந்திரத்தின் சுமையைப் பரப்புவதில் அவருக்கு இணை இல்லை. ஆனால் தன் நிறுவனங்களைக் கடனுக்கு மேல் கடனாக, ஒரு கம்பெனியின் பங்கை இன்னொரு கம்பெனி பிடித்திருக்கும்படி அடுக்கினார். நல்ல காலத்தில் அது நின்றது. 1929இல் பங்குச்சந்தை சரிந்தபின் தாங்க ஒன்றுமில்லாமல் 1932இல் எல்லாம் விழுந்தது. ஆயிரக்கணக்கான சாதாரண மக்களின் சேமிப்பு அதோடு போயிற்று. வழக்கு நடந்து, 1934இல் அவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானது. 1938இல் பாரிஸ் மெட்ரோ ரயில் நிலையத்தில் நெஞ்சு வலித்து இறந்தார். மாதச் சம்பளத்தில் கடைசி ரூபாய் வரை தவணைக்கு ஒதுக்கிவிட்டு "எல்லாம் கணக்கா இருக்குப்பா" என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்சல் ஞாபகம் வருகிறார். கணக்குச் சரிதான். ஒரு காய்ச்சலுக்கு, ஒரு வேலையிழப்புக்கு அந்தக் கணக்கில் இடம் எங்கே?

நான் வேலை பார்த்த தொழிலில் மனம் உறுத்துகிற ஒரு பக்கமும் உண்டு. உச்சத்தைக் குறைக்கவும் பள்ளத்தை நிரப்பவும் எளிய வழி, வேலையை இரவுக்குத் தள்ளுவது. கோவை மாவட்டத்தில் ஆனைமலைத் தொடரில் இருக்கும் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் அதைத் தண்ணீரை வைத்துச் செய்கிறது. தேவை குறைந்த நேரத்தில் மின்சாரத்தைக் கொண்டு கீழ்த்தேக்கத்திலிருந்து நீரை மேலே ஏற்றி வைக்கும், உச்ச நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை தரும். ஏற்றச் செலவான மின்சாரம் முழுவதும் திரும்பி வராது, ஆனாலும் அந்த நஷ்டம் ஏற்றுக்கொள்ளத்தக்கது. தண்ணீருக்குத் தூக்கம் கெடுவதில்லை. ஆலையின் இரவு ஷிஃப்டுக்கும் தோட்டத்து மோட்டாருக்கும் அப்படியில்லை. விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று பிரித்துத் தரப்பட்ட ஆண்டுகளில், நடுச்சாமத்தில் டார்ச் லைட்டும் தடியுமாக வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட்ட விவசாயிகளை எனக்குத் தெரியும். "ஏனுங்க, ஊருக்கெல்லாம் தூங்கற நேரம், எங்களுக்கு மட்டும் தண்ணி பாய்ச்சற நேரமுங்களா?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். பாம்புக் கடிக்குத் தப்பியவர் அவர். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வரைபடத்தில் கோடு மட்டமாகிவிட்டது என்று பொறியாளர் மகிழும்போது, அந்தப் பள்ளத்தை நிரப்பியது யாருடைய உறக்கம் என்று கேட்க யாராவது வேண்டும்.

இப்போது காற்று மாறுகிறது. சூரிய மின்சாரம் பகலில் பெருகியதால் மலிவான நேரம் நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு நகர்கிறது. குஜராத்தில் விவசாயிகளுக்குப் பகலிலேயே மின்சாரம் தரும் திட்டத்தை 2020இல் தொடங்கினார்கள். 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகள், சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. மனிதன் விழித்திருக்கும் நேரமும் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரமும் ஒன்றாவதைப் பார்க்கும் வரை நான் இருந்தேனே என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

சுமை ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம். திடீரென்று இறங்கினாலும் ஆபத்துதான். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்று கட்டுப்பாட்டு மையங்கள் எதிர்பார்த்தன. 31,000 மெகாவாட்டுக்கு மேல் குறைந்தது. முன்கூட்டியே நீர்மின் நிலையங்களை ஓட்டி வைத்திருந்து, அந்தச் சில நிமிடங்களில் அவற்றை மளமளவென்று இறக்கி, பிறகு மறுபடி ஏற்றி, நாட்டின் மின்தொகுப்பின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். ஓய்வு பெற்ற எனக்கு அந்த இரவின் வேலை எவ்வளவு பெரியது என்று புரிந்தது. ஓய்வு பெறுவதும் அப்படித் திடீரென்று சுமை இறங்குவதுதான். முப்பத்தைந்து வருடம் காலை எட்டு மணிக்கு ஆலைச் சங்குக்கு வேலையில் இறங்கியவன் ஒரு மாதக் கடைசியில் மாலை போட்டு அனுப்பப்பட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்காருகிறான். கூட வேலை பார்த்த நல்ல மனிதர்கள் சிலர் அந்த முதல் வருடத்தைத் தாண்டவில்லை. உடம்பில் பெரிய நோய் இருந்ததாகவும் தெரியவில்லை. ஓய்வு பெறப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: கடைசி இரண்டு வருடத்திலேயே வேறு ஒரு வேலைக்குக் கையைப் பழக்குங்கள். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு, கோயில் நிர்வாகம், குத்தகைக்குக் கொஞ்சம் நிலம், எதுவானாலும் சரி. படிப்படியாக இறங்குங்கள்.

அப்படி இறங்கிய பிறகு கையில் மிஞ்சும் நேரத்துக்கு வீட்டிலேயே இடம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் காலை ஆறு முதல் எட்டு வரையான நேரத்தை யாராவது மீட்டர் வைத்து அளந்தால் இரண்டாவது முள் எங்கே நிற்கும்? எங்கள் வீட்டில் மகனும் மருமகளும் ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து அந்த இரண்டு மணி நேரத்து வேலைகளைத் தாளில் எழுதினார்கள். நானும் என் மனைவியும் கூட உட்கார்ந்தோம். எந்த வேலைக்குக் காலை நேரம் கட்டாயம், எது சும்மா பழக்கத்தால் அங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சீருடை இஸ்திரி முந்தின இரவுக்குப் போயிற்று. காய் நறுக்குவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பொறுப்பு. மேல்தொட்டி மோட்டார் பகல் பதினொரு மணிக்கு. பேத்தியைப் பள்ளி வேன் ஏற்றிவிடுவது மகன். இட்லி வேகவைப்பதும் டப்பா கட்டுவதும் மட்டும் காலையிலேயே நின்றன. மிச்சமான நேரத்தில் மருமகள் காபியை உட்கார்ந்து குடிக்கிறாள். முன்பெல்லாம் நின்றபடியே குடிப்பாள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தத் தாளில் ஒன்று மட்டும் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது. மருமகளுடைய அலுவலகத்தின் அமெரிக்கக் குழு பேசுவதற்கு ஒத்துக்கொள்ளும் நேரம் நமக்கு இரவு ஒன்பதரை. பேத்தி தூங்கப் போகும் நேரமும் அதுவே, அவளுக்கு அம்மாதான் பக்கத்தில் வேண்டும். "மாமா, இதை எங்கே தள்ளறதுங்க?" என்று மருமகள் கேட்டாள். வாரத்தில் இரண்டு நாளாவது அந்தப் பேச்சைக் காலை ஏழு மணிக்கு மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காலையில் இப்போது இடம் இருக்கிறது.